பத்து வரிசை மிளகாய்

ஊரில் அவருக்கு ‘பத்திரம்’ என்றுதான் பெயர். எதைப் பேசினாலும் “பத்திரமா இருக்கட்டும்” என்று முடிப்பார். மூன்று ஏக்கர் நிலம் இருந்தும் பதினோரு வருடமாக மக்காச்சோளத்தைத் தவிர வேறெதையும் விதைத்ததில்லை. சோளம் கையைக் கடிக்காது. கை நிறையவும் விடாது.

அந்த வருடம் அவர் மனைவி கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், ஒரு ஏக்கர் மிளகாய் போடப்போவதாகச் சொல்லிப் பயிர்க் காப்பீடு செய்துவிட்டு வந்து நின்றாள்.

“விளையறதுக்கு முன்னாடியே அழியறதுக்குப் பணம் கட்டிட்டு வர்றியே, பைத்தியமா உனக்கு?”

“பயந்தே பாதி ஆயுசு போயாச்சு. ஒரு ஏக்கர்லயாவது தைரியமா நிப்போம்.”

அரை மனதோடு நாற்று நட்டார். செடிகள் பூவெடுத்த சமயம் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. தண்ணீர் வடிந்தபோது மேட்டுப் பக்கம் பத்து வரிசைதான் பச்சையாக நின்றது. மற்றதெல்லாம் அழுகிச் சாய்ந்து கிடந்தது.

மனைவி உடனே காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மறுநாள் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். சேதி தெரிந்ததும் பக்கத்து வயல்காரர் ஓடி வந்தார்.

“அண்ணே, அந்தப் பத்து வரிசையையும் பிடுங்கிப் போட்டுடுங்க. முழுசா அழிஞ்சாத்தான் முழுப் பணம்.”

பத்திரத்துக்கு அது சரியாகவே பட்டது. விடிந்ததும் வயலில் இறங்கி முதல் செடியைப் பிடித்தார். இலைக்கடியில் நகக்கண் அளவில் ஒரு பிஞ்சு. பிடுங்கக் கை வரவில்லை.

“என்ன பண்றீங்க?” பின்னால் மனைவி.

“ஒண்ணுமில்ல. பிஞ்சு விட்டிருக்கான்னு பார்த்தேன்.”

அவள் நம்பவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, தண்டைச் சுற்றிப் படிந்திருந்த சேற்றை விலக்கத் தொடங்கினாள். அவரும் உட்கார்ந்தார்.

அதிகாரி ஒரு பெண். சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்தும் வயல் முழுக்க நடந்தார்.

“இந்தப் பக்கம் நல்லா இருக்கே?”

“ஆமாம்மா, இது அழியல. அப்படியே எழுதிக்கோங்க” என்றார் பத்திரம்.

வேலியோரம் நின்ற பக்கத்து வயல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

பணம் வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் மனைவியின் குரலைக் கேட்டாலே அலுவலகத்தில் இருப்பவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அவள் போன் போட்டிருந்தாள். எதிர்பார்த்த அளவு வரவில்லைதான். ஆனால் யாரிடமும் கைநீட்டாமல் மறுபடி நாற்று வாங்கி நட அது போதுமாக இருந்தது. சுற்றுவட்டாரத்தில் மிளகாயே இல்லாததால் சந்தையில் விலை எகிறிக் கிடந்தது. அந்தப் பத்து வரிசை மட்டுமே ஒரு ஏக்கர் சோளத்தின் வருமானத்தைக் கொடுத்துவிட்டது. காப்பீடு செய்யாத பக்கத்து வயல் அந்தப் பருவம் தரிசாகவே கிடந்தது.

அடுத்த காப்பீட்டுப் பதிவுக்குப் பத்திரமே முதல் ஆளாகச் சங்கத்துக்குப் போனார், பக்கத்து வயல்காரரையும் கையோடு இழுத்துக்கொண்டு.

“எத்தனை ஏக்கருங்க?” என்றார் குமாஸ்தா.

“மூணும் மிளகாய்தான்!”

“ரெண்டு போதும்” என்றாள் மனைவி.

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கும்வரை இருவரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் குமாஸ்தா சிரித்துக்கொண்டே இரண்டரை என்று எழுதினார்.