பள்ளம் இல்லாத தெரு

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளைத் தெருக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் தடவை காதில் விழுந்தபோது சுருக்கென்றது. அப்புறம் பழகிவிட்டது. பத்து மாதமாக அவள் ஒரு தெருவைத்தானே கட்டிக்கொண்டிருந்தாள்! கணினிக்குள் இருக்கிற தெரு. கண்ணை மறைக்கிற கருவி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டால் போதும், அந்தத் தெருவின் நடுவில் நிற்கலாம், நடக்கலாம், ஒரு கடையைத் திறந்து உட்காரலாம். சின்னதாகக் கடை வைத்துப் பிழைக்கிறவர்களும், வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களும் அதற்குள் போய்த் தொழில் பழக வேண்டும் என்பது திட்டம். அதற்காகத்தான் சிறுதொழில் பயிற்சி நிலையம் ஒன்று அவளை ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்திருந்தது.

நிலையத்தின் மேலாளருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் எதைக் காட்டினாலும் "சூப்பர்!" என்பார். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னாலும் அதேதான். ஆகவே அவர் சூப்பர் சார்.

தெருக்காரிக்குக் கணினி தெரியும், கடை தெரியாது. அது தனக்குத் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் வேலையின் முதல் மூன்று வாரம் அவள் கணினியைத் தொடவே இல்லை. தன் அக்காவின் கடைக்குப் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பை தைக்கிறவள். பள்ளிக்கூடப் பை, பயணப் பெட்டி, அறுந்த கைப்பிடி, பல் போன ஜிப்பு, எதைக் கொண்டு வந்தாலும் சரிசெய்து கொடுப்பாள். இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய கடை.

அங்கே உட்கார்ந்தபோதுதான் எத்தனை விதமான தொல்லை இருக்கிறது என்று தெரிந்தது. பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியே வராதவர்கள். அவர்களுடைய பைகள் பரணில் ஏறி ஏறி, புதுப் பைகளுக்கு இடமில்லாமல் போனது. கதவைச் சாத்துகிற நேரம் பார்த்து ஓடி வருகிறவர்கள். எட்டாம் நம்பர் ஜிப்பு கேட்டால் ஐந்தாம் நம்பரை அனுப்பிவிட்டு, "பிரிச்சுட்டீங்க, இனிமே மாத்த முடியாது" என்கிற மொத்த வியாபாரி. எல்லாவற்றுக்கும் மேலே, சாக்கடைக் குழாய் போடுகிறோம் என்று கடை வாசலில் பள்ளம் வெட்டிப் போட்டுவிட்டு நாற்பது நாள் எட்டிப் பார்க்காதவர்கள். அக்கா அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு பழைய கதவைப் பலகையாகப் போட்டு வைத்திருந்தாள். வருகிறவர்களைத் தானே கையைப் பிடித்துக் கடத்திவிடுவாள்.

அக்கா தைத்தபடியே பேசினாள். தெருக்காரி நோட்டில் எழுதினாள். அப்புறம் ரொட்டிக்கடைக்காரர், சைக்கிள் பழுது பார்க்கிறவர், சலவைக்கடை அம்மா என்று இன்னும் ஏழு பேரிடம் போனாள். அவர்கள் சொன்னதையெல்லாம் தெருவில் கொண்டு வந்தாள். அவளுடைய தெருவில் மழை பெய்தது, மின்சாரம் போனது, எதிர்க்கடை முளைத்தது, பள்ளம் வெட்டினார்கள். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல நாலைந்து வழி வைத்தாள். அதில் "முடியாது" என்பதும் ஒன்று. ஏமாந்தால் கடை மூடிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து திறக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து, அந்த எட்டுக் கடைக்காரர்களும் உள்ளே போய்ப் பார்க்கப்போகும் சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில் கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தெருவின் நடுவில் ஒரு நீரூற்று. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கடைகள். தரையில் முகம் தெரிந்தது. மழையைக் காணோம், பள்ளத்தைக் காணோம். ஒல்லியான ஆண்களும் பெண்களும் பல்லைக் காட்டியபடி கடை கடையாக ஏறி, எதைக் காட்டினாலும் வாங்கிக்கொண்டு போனார்கள். பதில் சொல்ல மூன்றே வழிதான்: "நன்றி", "தள்ளுபடி உண்டு", "மீண்டும் வருக". கடைசியில் வானத்திலிருந்து ஒரு தங்கக் கோப்பை இறங்கி வந்தது.

கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், என் தெரு எங்க?"

"வெளியில ஒரு டீமை வெச்சு ரெண்டே நாள்ல மெருகேத்தினோம்மா. சூப்பரா இருக்குல்ல?"

"பள்ளத்தை எடுத்துட்டீங்க. ஜிப்பு மாறி வர்றதை எடுத்துட்டீங்க. கடை மூடறதையே எடுத்துட்டீங்க."

"அதெல்லாம் மனசைச் சோர்வாக்குதும்மா. பாவம், அவங்க வெளியில நொந்துபோய் வர்றாங்க. இங்க வந்தும் நோகணுமா? கொஞ்சம் நம்பிக்கை குடுப்போமே."

"இங்க நொந்தா பத்து நிமிஷம் சார். வெளியில நொந்தா பத்து வருஷம்."

அவர் சிரித்தார். "நல்லா பேசறீங்க. அடுத்த மாசம் நிதி குடுக்கறவங்க பார்க்க வர்றாங்க. அவங்களுக்குப் பள்ளத்தையா காட்டறது? போங்க, கோப்பை இன்னும் கொஞ்சம் மின்னணும், அதைப் பாருங்க."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. ஆனால் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பழைய தெருவின் நகலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

சோதனை நாளன்று எட்டுப் பேரும் வந்தார்கள். அக்கா அரை நாள் கடையைப் பூட்டிவிட்டு, தலை வாரி, நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கருவியை மாட்டிவிட்டதும் முதலில் ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

"என்னடி இது, எல்லாம் குச்சி குச்சியா நிக்குது? என்னை மாதிரி ஒண்ணு இல்லையா?" என்றாள் அக்கா. ஏதோ ஒரு குச்சியைத் தொட்டு உள்ளே போனாள். முதல் வாடிக்கையாளர் வந்தார். கையில் இருந்த பெட்டி மூன்று பக்கமும் கிழிந்திருந்தது.

"இதுக்கு ஜிப்பு மட்டும் மாத்தினா நிக்காதுங்க. மூடியையே மாத்தணும்" என்று அக்கா சொன்னாள். வாடிக்கையாளர் பல்லைக் காட்டினார். "ஏன்டி, நான் பேசறது இவருக்குக் கேக்கலையா? என் பதில் எங்க?"

"அதுல இருக்கறதைத் தொடுக்கா" என்றாள் தெருக்காரி. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

அக்கா "நன்றி"யைத் தொட்டாள். அடுத்தவர் வந்தார். மறுபடியும் "நன்றி". ஐந்து நிமிடத்தில் கோப்பை இறங்கிவிட்டது. சூப்பர் சார் கை தட்டினார். நிலையத்தில் ஒரு நிஜக் கோப்பை வேறு வாங்கி வைத்திருந்தார்கள். அதை அக்கா கையில் திணித்துப் புகைப்படக்காரரைக் கூப்பிட்டார். "கொஞ்சம் சிரிங்கம்மா. ஜெயிச்சிருக்கீங்க!"

அக்கா சிரிக்கவில்லை. கோப்பையை நாற்காலி மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். தெருக்காரி பின்னாலேயே ஓடினாள்.

படிக்கட்டில் அக்கா திரும்பினாள். "கை தட்டு வாங்கறதுக்காடி கடையைப் பூட்டிட்டு வந்தேன்? மூணு வாரம் என் எதிர்ல உட்கார்ந்து எழுதினியே, என் கஷ்டம் அத்தனையும். யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் உன்கிட்ட சொன்னேன். எங்க அது?"

"எடுத்துட்டாங்கக்கா."

"எடுத்துட்டாங்களா? நீ என்ன பண்ணிட்டிருந்தே? பார்த்துட்டிருந்தியா?"

அக்கா விடுவிடென்று இறங்கிப் போய்விட்டாள். மேலாளர் மேல் வந்த கோபம் ஒரு பங்கு என்றால், அந்தப் படிக்கட்டில் தன் மேல் வந்த கோபம் மூன்று பங்கு. அன்று முழுக்க அவளால் யார் முகத்தையும் பார்த்துப் பேச முடியவில்லை.

நிதி கொடுப்பவர்கள் வருகிற நாளும் வந்தது. கூடத்துச் சுவரில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். கருவிக்குள் இருப்பவர் பார்ப்பதை எல்லோரும் அதில் பார்க்கலாம். முன் வரிசையில் ஐந்து விருந்தாளிகள். பின்னால், கூட்டம் காட்டுவதற்காக அழைக்கப்பட்ட எட்டுக் கடைக்காரர்கள். அக்கா வரமாட்டாள் என்றுதான் தெருக்காரி நினைத்திருந்தாள். வந்திருந்தாள். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சூப்பர் சார் தானே கருவியை மாட்டிக்கொண்டார். நீரூற்றைச் சுற்றி நடந்தார். பை தைக்கும் கடையைத் திறந்தார். நன்றி, தள்ளுபடி, மீண்டும் வருக. கோப்பை. விருந்தாளிகள் நாகரிகமாகக் கை தட்டினார்கள். அவர் கருவியைக் கழற்றி வணங்கினார்.

தெருக்காரி எழுந்தாள். பத்திரமாக வைத்திருந்த நகலைக் கணினியில் ஏற்றினாள். "இன்னொரு தெருவும் இருக்கு. எட்டுக் கடைக்காரங்க சொல்லச் சொல்லக் கட்டினது. சார் அதுலயும் கடை நடத்திக் காட்டுவார்."

சூப்பர் சாரின் முகம் ஒரு கணம் செத்துப் போனது. ஆனால் விருந்தாளிகள் ஆவலாகத் திரும்பிவிட்டார்கள். முடியாது என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? பல் தெரியச் சிரித்துக்கொண்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

திரையில் மழை தூறியது. குறுகலான கடை. வாசலில் ஒரு பெண், கையில் கைப்பிடியும் மூடியும் அறுந்த பெட்டி. "இப்பவே தைச்சுக் குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு." பதில்கள் வரிசையாக வந்தன. அவர் "உட்காருங்க, தர்றேன்" என்பதைத் தொட்டார். அடுத்தவர் வந்தார். அவருக்கும் உட்காருங்க. அதற்கடுத்தவருக்கும் அதேதான். ஆறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள், தையல் மெஷின் ஒன்றுதான். ஊசி முறிந்தது. மாற்று ஊசி இல்லை. பஸ்ஸுக்குப் போகிற பெண் கத்த ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துச் சரக்கு வந்தது. அவர் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

பின் வரிசையில் சைக்கிள்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, பிரிச்சுப் பாருங்க சார்!"

"சார், அந்தம்மாவுக்குக் கைப்பிடியை மட்டும் போட்டு அனுப்புங்க!" என்று கத்தினார் ரொட்டிக்கடைக்காரர். "மத்தவங்களை நாளைக்கு வரச் சொல்லுங்க!"

"எல்லாருக்கும் சரின்னு சொன்னா இப்படித்தான்" என்றாள் சலவைக்கடை அம்மா, பக்கத்திலிருந்த விருந்தாளியிடம்.

பிரித்தால் எல்லாம் ஐந்தாம் நம்பர் ஜிப்பு. வாசலில் கடப்பாரைச் சத்தம். பள்ளம். வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சூப்பர் சார் கையைக் காற்றில் வீசி வீசி எதையெதையோ தொட்டார்.

"பலகையைப் போடுய்யா!" கடைசி வரிசையிலிருந்து அக்காவின் குரல் கூடத்தையே அதிர வைத்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள். "அவங்க வந்து மூடுவாங்கன்னு உட்கார்ந்திருந்தா நீ உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்! உள்ள ஒரு கதவு கிடக்கு பாரு, அதை எடுத்துப் போடு! போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வா!"

அவர் கதவைத் தேடுவதற்குள் கடை மூடிக்கொண்டது. திரை கறுத்தது. கூடம் சிரிப்பில் ஆடியது. முன் வரிசையிலிருந்த ஒருவர் எழுந்து பின்பக்கம் போய், "அந்த ஜிப்பு விஷயத்துல நீங்கன்னா என்ன பண்ணுவீங்க?" என்று அக்காவிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஆளுக்கொரு பக்கம் பேச்சு. பத்து மாதத்தில் அந்த நிலையத்தில் முதல் தடவையாக ஒரு பாடம் நடந்தது.

சூப்பர் சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார். அசகாய சூரர்! அரை நிமிடத்தில் முகத்தைச் சரிசெய்துவிட்டார். "இதுதான் எங்க ரெண்டாம் கட்டம். தோல்வியிலிருந்து கத்துக்கறது. முதல்லேர்ந்தே என் மனசுல இருந்த யோசனை இது."

கை தட்டினார்கள். தெருக்காரிக்குக் காது அடைத்தது.

"பொய்" என்றாள்.

கை தட்டல் நின்றது.

"இதைத் தூக்கி எறியச் சொன்னவர் இவர். பள்ளம் அந்தக் கடைசி வரிசையில நிக்கறாங்களே, அவங்க வாசல்ல வெட்டினது. ஊசி முறிஞ்சதும் அவங்களுக்குத்தான். மின்சாரம் போனது ரொட்டிக்கடைக்காரருக்கு. எதிர்க்கடை சைக்கிள்காரருக்கு. இவருக்கு இதுல எதுவுமே நடக்கலை. அதனாலதான் இவரால எடுத்து வீச முடிஞ்சது."

விருந்தாளிகள் கிளம்பும்போது சூப்பர் சாரிடம் தாழ்ந்த குரலில் என்னவோ பேசினார்கள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று மறுநாளே கடிதம் வந்தது. அவள் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அழுகை வரவில்லை. கோபம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. நேரே அக்கா கடைக்குப் போனாள். அக்கா கடிதத்தைப் படித்தாள், மடித்தாள், மெஷினை நிறுத்திவிட்டு ரொட்டிக்கடைக்குப் போய்வந்தாள். அப்படியே சைக்கிள் கடைக்கும் சலவைக்கடைக்கும் போயிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை முதல் வகுப்பு. பழைய தெருவில்தான் நடத்த வேண்டும் என்று நிதி கொடுப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். எட்டுப் பேரும் வந்தார்கள், வந்து நடையில் உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே வரச் சொன்னால், "தெருவைக் கட்டின பொண்ணு வரட்டும்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். அந்த வாரம் அப்படியே போனது. அடுத்த புதனும் நடையிலேயே உட்கார்ந்தார்கள். ஆளில்லாத வகுப்பைப் புகைப்படம் எடுத்து எங்கே அனுப்புவது? மூன்றாவது வாரம் சூப்பர் சாரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வந்துடும்மா. நடந்தது நடந்துபோச்சு."

"எழுதிக் குடுங்க. அந்த எட்டுப் பேரைக் கேக்காம தெருவுல ஒரு கல்லைக்கூட மாத்தக்கூடாது. நுழையற இடத்துல அவங்க எட்டுப் பேர் பெயரும் இருக்கணும். என் பெயர் வேண்டாம்."

"சரி" என்றார்.

எழுதிக் கொடுத்தார். அவள் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் உட்கார்ந்தாள். அவரோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை. கோபம் தீர்ந்ததா என்று கேட்டால், தீரவில்லை. தீர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. முதல் வகுப்பு முடிந்ததும் எட்டுப் பேரும் சேர்ந்து பதினெட்டுக் குறை எழுதிக் கொடுத்திருந்தார்கள். தெருவில் இருக்கிற ரொட்டி அடுப்பின் கதவு இடப்பக்கம் திறக்கிறதாம், தட்டை எடுக்கிற கை சுட்டுக்கொள்ளுமாம். ரொட்டிக்கடைக்காரர் கோபமாக இரண்டு கோடு போட்டிருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கதவைக் கழற்றி வலப்பக்கம் மாட்ட ஆரம்பித்தாள்.