பிரேக்குக்குப் பிறகு

நாடகக் குழுவில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்வையாளர்களில் ஒருவர் எழுந்து தனக்கு நடந்ததைச் சொல்வார். கேட்ட கையோடு அதை அவள் ஆடிக் காட்ட வேண்டும். ஒத்திகை கிடையாது. காதுதான் மூலதனம். அதில் இடது காது எட்டு மாதமாக அடைத்துக் கிடந்தது. வேலை போய்விடுமே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று மதியம் பேருந்துப் பணிமனையின் சாப்பாட்டுக்கூடத்தில் நிகழ்ச்சி. கதை சொல்ல எழுந்த ஓட்டுநர் நேராக வந்து அவளுக்கு இடப்பக்கம் நின்றார். போச்சுடா என்றிருந்தது.

"ஸ்கூல் பக்கம் திரும்புறேங்க. பந்து பின்னாடியே ஒரு பிள்ளை ஓடி வருது. ஒரே மிதி..."

அதோடு அவர் குரல் இறங்கிவிட்டது. மின்விசிறி வேறு கடகடத்தது. உதடு அசைந்தது, சொல் விழவில்லை. பிள்ளை பிழைத்ததா? முன்வரிசையில் ஒருத்தர் கண்ணைத் துடைத்தார். அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

"ஆரம்பிம்மா," என்றார் குழுத்தலைவர்.

ஸ்டியரிங்கைத் திருப்பினாள். பந்தாகத் துள்ளினாள், பிள்ளையாக ஓடினாள். வலது காலைத் தரையில் ஓங்கி அழுத்தினாள். அதற்குமேல் உடம்பு நகரவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையைச் சாகடித்துவிட்டால்? செத்த பிள்ளையைச் சிரிக்க வைத்துவிட்டால்?

"அண்ணே, மன்னிச்சுக்கங்க. எனக்கு இந்தக் காது கேக்காது. பிரேக் போட்டதுக்கு அப்புறம் நீங்க சொன்னது எதுவும் விழல."

குழுத்தலைவரின் முகம் இறுகியது.

ஓட்டுநர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காலை அழுத்தினார். சின்ன உருவம் ஒன்று முட்டி மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடுவதைக் கையால் காட்டினார். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. காலை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. தொடையை இரு கையாலும் பிடித்துத் தூக்கினார், அப்போதும் வரவில்லை.

அவர் சொல்ல வந்ததே அந்தக் காலைப் பற்றித்தான். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுத் தன் காலையும் அழுத்தினாள். அவர் தொடை நடுங்க அவளுடையதும் நடுங்கியது. வெகுநேரம் கழித்து இருவர் குதிகாலும் ஒன்றாக எழும்பின.

"அன்னிக்கு அரை மணி நேரம் ஆச்சும்மா," என்றார். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

வெளியே வந்ததும் குழுத்தலைவர் பிடித்துக்கொண்டார். "எத்தனை நாளா?"

"எட்டு மாசம்."

"சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம்."

டாக்டர் கையை விரித்துவிட்டார். குழுத்தலைவர் அவளை நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் காதில் விழாததை விழவில்லை என்று சொல்லி மறுபடி கேட்டுவிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு என்னவோ படபடக்கத்தான் செய்கிறது.