பாதையை மறித்த அம்பாசிடர்

சாவு விழுந்தால் பாடை கட்டத்தான் ஆள் தேடுவார்கள். என்னைக் கார் கழற்றக் கூப்பிட்டார்கள். கோவில்பட்டியில் முப்பது வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், அப்படி ஓர் அழைப்பு வந்ததில்லை.

கடம்பூர் பக்கம் ஒரு கிராமம். கூப்பிட்டவர் பரமசிவன் அண்ணாச்சி. அன்று காலை இறந்துபோனது அவருடைய தம்பி கொம்பையா. இரண்டு வீட்டுக்கும் ஒரே பாதை. எட்டு வருடத்துக்கு முன்னால் கிணற்றுப் பங்கில் சண்டை வந்து, தம்பியின் டிராக்டர் போகக் கூடாது என்று அண்ணாச்சி தன் பழைய அம்பாசிடரைப் பாதையின் குறுக்கே நிறுத்தினார். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனவர் பிறகு அதைத் தொடவில்லை. கொம்பையாவுக்கும் ரோஷத்தில் குறைச்சல் இல்லை. காரின் ஓரமாக ஓர் ஆள் ஒதுங்கிப் போக இடம் இருந்தும், வீட்டுக்குப் பின்னால் உடைமுள் புதருக்குள் போகும் ஓடை வழியாகவே வந்து போயிருக்கிறார். காரின் ஓரத்து இடுக்கில் பாடை நுழையாது.

"நாலு மணிக்கு எடுக்காவ. ஜேசிபிக்காரன் ஆறு மணிக்குத்தான் வருவேன்னுட்டான். நீதான் நகட்டித் தரணும் வேல்ராசு. எந் தம்பி இந்தப் பாதையிலதான் போவணும்" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. எட்டு வருடம் வீம்பு பிடிப்பார்களாம், நான் நாலு மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டுமாம்.

எட்டு மழைக்காலமும் கரிசல் அந்தக் காரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியிருந்தது. டயரைச் சுற்றி மண்ணைத் தோண்டிவிட்டு அடியில் படுத்தேன். இன்ஜின் இறுகிப்போயிருந்தது, கியர் கம்பி அசையவில்லை. சக்கரம் உருள வேண்டுமானால் கியர்பாக்ஸைப் பின்சக்கரத்தோடு இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றியாக வேண்டும். நாலே போல்ட்தான். ஸ்பானர் போட்டால் தலை மழுங்கியது. ஒன்று ஒடிந்தே போனது. கேஸ் வைத்துச் சூடாக்கி, மற்றவற்றை வெட்டி எடுத்து, ஷாஃப்ட்டைக் கீழே இறக்கும்போது மணி இரண்டரை.

அப்படியும் பின்சக்கரம் உருளவில்லை. பிரேக் ஷூ துருப்பிடித்துச் சக்கரத்தின் டிரம்மோடு ஒட்டிக்கிடந்தது. நான் மூச்சு வாங்கிய நேரத்தில் அண்ணாச்சி சம்மட்டியை எடுத்துக்கொண்டார். அறுபத்தைந்து வயது மனுஷன், வேட்டியெல்லாம் கிரீஸ், டிரம்மை அடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வோர் அடிக்கும் துக்க வீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போதும் என்றேன். அவர் காதில் விழவில்லை. அப்போதுதான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்ப் பாவமாக இருந்தது.

மூன்றே முக்காலுக்கு டிரம் விட்டுக்கொடுத்தது. ஆறு பேர் சேர்ந்து காரைச் சுவரோரம் தள்ளினோம். அண்ணாச்சி குனிந்து பாதையில் கிடந்த கல்லையெல்லாம் கையாலேயே பொறுக்கி எறிந்தார். பிறகு தம்பி வீட்டு வாசலில் போய் நின்று, "பாதை திறந்தாச்சும்மா" என்றார்.

கொம்பையாவின் மனைவி சீனித்தாய் எழுந்து வந்தாள். அவள் கத்தவில்லை, ஏசவில்லை.

"அத்தான், இந்தப் பாதையில கால் வைக்க மாட்டேன்னு உங்க தம்பி சொன்னாவ. கடைசி வரைக்கும் வைக்கல. செத்த பொறவு அவிய சொல்ல நான் மாத்தலாமா? ஓடை வழியாத் தூக்கச் சொல்லிட்டேன்."

நாலு பேர் அரிவாளோடு முன்னால் போய் முள்ளை வெட்டி வழிவிட, பாடை பின்பக்கமாகவே போனது. அண்ணாச்சியைத் தோள் கொடுக்க யாரும் கூப்பிடவில்லை.

நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"முதல் வருசமே உன்னக் கூப்பிட்டிருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும், வேல்ராசு?"

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வாய் கிடையாது.

"அன்னைக்கு நான் எதுக்கு அண்ணாச்சி? நியூட்ரல்ல போட்டு பிரேக்க விட்டிருந்தா, நீங்களும் உங்க தம்பியும் தள்ளியே ஒதுக்கியிருக்கலாம்."

அவர் யாரும் வராத அந்தப் பாதையின் நடுவில் போய் உட்கார்ந்து, தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்.