நடுப்பலகையில் ஒரு கதவு

கப்பலேறி நாடு நாடாகச் சுற்றிவிட்டு ஓய்ந்துபோன கன்டெய்னர் அது. ஒரு வெல்டர் அதை வாங்கி வந்து, உள்ளே பிளைவுட் பலகைகளால் தடுத்து நாலு அறையாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பக்கம் பார்த்து இரும்புக் கதவு போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். சாலையைப் பார்த்த முன்னறையில் சைக்கிள் ரிப்பேர் கடை. அதற்கு அடுத்த அறையின் கதவு பக்கவாட்டில், ஒரு கிடங்கின் பின்சுவரைப் பார்த்தபடி இருந்தது. அதில்தான் தார்ப்பாய் தைக்கும் அக்கா இருந்தாள். மூன்றாவது அறையில் பெயின்டர் தன் ஏணிகளையும் டப்பாக்களையும் அடுக்கியிருந்தார். அவர் கதவு எதிர்ப்பக்கம். கடைசி அறை மைக்செட்காரருடையது. கன்டெய்னரோடு கூடவே பிறந்த பெரிய இரட்டைக் கதவு அவருக்குக் கிடைத்திருந்தது. இந்த இரண்டு பேரும் காலையில் வந்து சாமானை எடுத்துக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். பகல் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருந்தது அக்காவும் சைக்கிள்காரரும்தான்.

இருந்தார்களே தவிர, பேச்சுவார்த்தை கிடையாது.

வந்த புதிதில், அவர் சக்கர வளையத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கோணல் எடுத்தபோது, அந்தச் சத்தம் இரும்புப் பெட்டி முழுக்க ஓடி அக்காவின் பல்லைக் கூசவைத்தது. எழுந்து போய்ச் சொல்லச் சோம்பல்பட்டு, கையிலிருந்த கத்தரிக்கோலால் நடுப்பலகையை ரெண்டு தட்டு தட்டினாள். அவர் ஸ்பேனரால் திருப்பி ரெண்டு தட்டு தட்டினார். அன்றைக்கு ஆரம்பித்த வழக்குதான். அவள் தையல் மெஷின் அதிர்ந்தால் அவர் தட்டுவார். அவர் சுத்தியல் எடுத்தால் அவள் தட்டுவாள். அவளுக்கு அவர் "அந்த ஆளு". அவருக்கு அவள் "பின்னாடி இருக்குற அம்மா". அவருடைய ரிப்பேர் சைக்கிள்கள் வேறு, அவள் கதவுக்குப் போகும் சந்தில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். அதற்கும் ஒரு முறைப்பு.

"சைக்கிளை நகர்த்துங்கன்னு வாயைத் திறந்து சொல்லேன்" என்பார் அவள் கணவர். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். வண்டி கவிழ்ந்து ஒரு கால் விளங்காமல் போனபிறகு, வீட்டில் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சம்பாத்தியம் அக்கா பக்கம் வந்தது. லாரிக்கு எப்படித் தார்ப்பாய் கட்டுவது, எந்த இடத்தில் துணி சீக்கிரம் தேயும் என்பதெல்லாம் அவர் சொல்லிச் சொல்லித்தான் அவளுக்கு அந்தத் தொழிலே பிடிபட்டது.

"சொல்லித்தான் தெரியணுமா? கண்ணு இல்லையா அந்த ஆளுக்கு?" என்பாள் அவள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

அந்த நாள் காற்று ஒரு மாதிரியாக வீசிக்கொண்டிருந்தது. வெயிலும் குறைவில்லை. உச்சிப் பொழுதில் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றதும் அக்கா கதவை நன்றாக விரியத் திறந்து, செங்கல்லை அதற்கு முட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளே மூலையில் உட்கார்ந்து தார்ப்பாயின் ஓரத்தைக் கையூசியால் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் டவர் கிடைக்காது என்பதால் போனை எப்போதும்போல வெளியே கதவுச் சட்டத்தின் கொக்கியில் ஒரு பையில் மாட்டியிருந்தாள்.

திடீரென்று சுழன்று வந்த காற்று செங்கல்லைப் புரட்டிக் கதவைப் பிடுங்கி அறைந்தது. அறைந்த வேகத்தில் வெளியிலிருந்த இரும்புத் தாழ் தானாகச் சரிந்து தன் பள்ளத்தில் விழுந்தது. உள்ளே கும்மிருட்டு.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தடவிப் போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினாள். இரும்பு சுட்டது. அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க வழியே கிடையாது என்பது அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது. இத்தனை நாள் வெளியே பூட்டுவதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறாள். உள்ளே மாட்டிக்கொள்வதைப் பற்றி யார் யோசித்தார்கள்?

"யாராவது இருக்கீங்களா? கதவைத் திறங்க" என்று கத்தினாள். சாலையில் போன லாரிகள் அவள் குரலை விழுங்கிக்கொண்டு போயின. தண்ணீர் பாட்டிலில் ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது. வெயில் கூரையில் இறங்கி, கூரை அவள் தலையில் இறங்கியது. தார்ப்பாயின் மெழுகு வாடை தொண்டையைக் கட்டிற்று.

கத்தரிக்கோலைத் தேடி எடுத்து நடுப்பலகையைத் தட்டினாள். இரண்டு தட்டு அல்ல, விடாமல் தட்டினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஸ்பேனரால் டொக், டொக் என்று இரண்டு தட்டு வந்தது. அதோடு சரி.

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி டொக், டொக். அந்த மனுஷன் சண்டைக்குச் சண்டையாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது. பலகையில் வாயை வைத்துக் கத்தினாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் மாட்டிவைத்திருந்த டயர்களும் டியூப்களும் அந்தச் சத்தத்தைப் பஞ்சு மெத்தைபோல வாங்கிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் கத்தவும் தெம்பில்லை. கதவின் அடியில் நூல்போல ஓர் இடுக்கு இருந்தது. தரையில் படுத்து அதில் மூக்கை வைத்துக்கொண்டாள். வீட்டில் கணவர் சாயங்காலம் காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே என்று நினைத்தாள். பாதி மடித்த ஓரத்தில் ஊசியை அப்படியே விட்டு வந்திருக்கிறோமே, யார் காலிலாவது குத்திவிடுமே என்றும் நினைத்தாள். அந்த நேரத்தில் அந்த ஊசி எதற்கு நினைவுக்கு வர வேண்டும் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறாள். கையிலிருந்த கத்தரிக்கோலால், படுத்தபடி எட்டிய நடுப்பலகையின் கீழ்ப்பகுதியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பக்கம் சைக்கிள்காரர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். இரண்டு முறை பதிலுக்குத் தட்டிவிட்டு இன்னொரு வாய் எடுத்தவருக்குக் கை பாதியில் நின்றது. கரண்ட் இல்லை, காற்றடிக்கும் மெஷின் ஓடவில்லை. சுத்தியலைத் தொடவில்லை. தான் பாட்டுக்குச் சோறு தின்றுகொண்டிருக்கிறோம். பிறகு எதற்கு அந்த அம்மா தட்டுகிறாள்?

டயர்களை விலக்கிப் பலகையில் காதை வைத்தார். எலி பிராண்டுவதுபோல ஒரு சத்தம்.

எச்சில் கையோடு ஓடினார். சந்தில் அவருடைய சைக்கிள்களே வழிமறித்தன. அவற்றை ஏறி மிதித்து, தள்ளி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கதவடிக்குப் போனார். தாழ் விழுந்திருந்தது. தூக்கினால் வரவில்லை. கதவு அறைந்த வேகத்தில் வளைந்து பள்ளத்துக்குள் இறுகியிருந்தது. சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. "அம்மா, உள்ள இருக்கீங்களா?" என்று கேட்டார். அடி இடுக்கிலிருந்து "ம்" என்று ஒரு முனகல்தான் வந்தது.

திரும்பி ஓடினார். டயர், டியூப், பெடல் தொங்கிய கம்பி எல்லாவற்றையும் பிய்த்துச் சாலையில் வீசினார். கடப்பாரையைப் பலகையின் மூட்டில் கொடுத்து நெம்பினார். பிளைவுட் கிழிந்தது. கை நுழைகிற அளவு ஓட்டை விழுந்ததும் முதலில் தன் தண்ணீர் பாட்டிலை உள்ளே நீட்டினார். அதை ஒரு கை வாங்கியதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. பிறகு ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் பலகையை மொத்தமாகப் பெயர்த்தெடுத்தார்.

அக்கா தவழ்ந்து வெளியே வந்து சேர்ந்த இடம் சைக்கிள் கடை. அதுவரை அவள் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. டியூப் ஒட்டும் பசை வாடையைக்கூட அப்போது ஆழமாக இழுத்து முகர்ந்தாள்.

"இப்படி உக்காருங்கம்மா. சாய்ஞ்சுக்குங்க." ஒரு துணியை நனைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அட்டையால் விசிறினார். "நீங்க தட்டினீங்க, நான் பதிலுக்குத் தட்டிட்டேன். வம்புக்கு இழுக்குறீங்கன்னு நினைச்சுட்டேன்மா."

"நான் மட்டும் என்ன, தினமும் பக்திப் பாட்டா தட்டிட்டு இருந்தேன்? நீங்க வேற எப்படி நினைப்பீங்கண்ணே?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடியும்போது அழுதாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாலையில் கிடந்த டயர்களை ரொம்ப நேரம் பொறுக்கினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அக்கா கடைப்பக்கமே போகவில்லை. வீட்டில் குளியலறைக் கதவைக்கூடச் சாத்தாமல் குளித்தாள். ஒரு காலை, கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஊன்றுகோலை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எனக்கு ஒரு ஜோலி இருக்கு. நீயும் வர்றதுன்னா வா."

ஆட்டோ சைக்கிள் கடை வாசலில் நின்றது. அவர் இறங்கி நேராக உள்ளே போய், முக்காலியில் உட்கார்ந்தார். சைக்கிள்காரர் எழுந்து நின்றார். இரண்டு ஆண்களும் கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு அக்காவின் கணவர் சொன்னார்: "என் வண்டி கவிழ்ந்தப்ப, என்னை யாரோ ஒரு ஆளு கேபினை உடைச்சு வெளிய இழுத்துப் போட்டிருக்காரு. எனக்கு நினைவு வர்றதுக்குள்ள அவரு போயிட்டாரு. நடக்க ஆரம்பிச்சதும் அந்த ரோட்டுக்கே போய் விசாரிச்சேன். டீக்கடை, பெட்ரோல் பங்க், எங்கயும் யாருக்கும் தெரியல. அவருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் என் தொண்டையிலதான் கெடக்கு. ஆனா இவ விஷயத்துல ஆளு கையில சிக்கிட்டீங்க. உங்களை நான் விடறதா இல்ல."

சைக்கிள்காரர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "என்னண்ணே இது, பக்கத்துல இருந்தேன், செஞ்சேன். யாரா இருந்தாலும் செய்வாங்க."

"யாரா இருந்தாலும்னு சொல்லாதீங்க. நீங்கதான் செஞ்சீங்க. நல்லா இருங்க." அவர் அதை உரக்கச் சொல்லவில்லை. சைக்கிள்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கணவர் முகத்தில் ஏதோ இறங்கி இலேசானதை அக்கா வாசலில் நின்று பார்த்தாள். அன்று அவரை வெளியே இழுத்துப்போட்ட லாரிக்காரனோ வழிப்போக்கனோ, யார் என்றே தெரியாத அவனுக்கும் சேர்த்துத்தான் அவர் அந்தக் கையைப் பிடித்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

வெல்டருக்கு அப்போதுதான் செய்தி போயிற்று. அன்றைக்கே மெஷினோடு வந்தார். "தப்பு என்னோடதும்மா. வெட்டும்போதே உள்ள இருந்து திறக்குற மாதிரி தாழ் வச்சிருக்கணும்" என்று சொல்லி, நாலு கதவுக்கும் உள்பக்கம் கைப்பிடி வைத்துப் பற்றவைத்தார். கடைசியில் கிழிந்த பலகையைப் பார்த்து, "இதுக்குப் புதுசா ஷீட் அடிச்சுடறேன்" என்றார்.

"வேண்டாம். அங்க ஒரு கதவு வைங்க" என்றாள் அக்கா.

"கதவா?" என்றார் சைக்கிள்காரர். "சரி. தாழ்ப்பாள் யார் பக்கம்?"

எல்லோரும் யோசித்தார்கள். வெல்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கு வம்பு? ரெண்டு பக்கமும் தள்ளினா திறக்குற மாதிரி வச்சுடறேன். தாழ்ப்பாளே வேண்டாம்."

அக்கா உள்ளே வந்து உட்கார்ந்த முதல் நாள் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். சாலைக் காற்று நேராக அவள் மெஷின்வரை வந்தது. இதுவரை அந்த அறைக்கு வராத காற்று. அவர் சுத்தியல் எடுக்கும்போது, "அம்மா, தட்டப்போறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத் தட்டினார். சந்தில் சைக்கிள் ஒன்றுகூட இல்லை. பிற்பகல் வெயில் அவர் கடைக்குள் முகத்தில் அடிக்கிறது என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். யாரிடமும் சொல்லாமல், மிச்சமிருந்த நல்ல துணியில் ஒரு பந்தல் தைத்து வளையம் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா" என்றார். கட்டிவிட்டுப் பின்னால் போய் நின்று பார்த்து, "இடது பக்கம் கொஞ்சம் தொங்குது" என்றார்.

"உங்க கண்ணு தொங்குது. துணி சரியாத்தான் இருக்கு" என்றாள்.

மழைக்காலத்துக்கு முன் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. நீள ட்ரெய்லர் லாரிக்கு ஒரே துண்டில் தார்ப்பாய். அந்த அறைக்குள் அதை மடித்துப் போட்டுத் தைக்கவே முடியாது. இதுபோன்ற வேலைகளை முன்பெல்லாம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். இந்த முறை வாங்கிக்கொண்டாள். அவள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மெஷினுக்குள் தள்ளிக்கொடுக்க, தைத்து முடிந்த பகுதி நடுக்கதவு வழியே நகர்ந்து, சைக்கிள் கடையைத் தாண்டி, சாலையோரத்தில் போய் விழுந்தது. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் ஓரமாகக் காத்து நின்றார்கள். சைக்கிள்காரர் அந்த முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண் படாமல் பழைய பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கையில கிரீஸ் இருக்கா? துணியில பட்டுடப் போகுது" என்று உள்ளிருந்து கேட்டாள் அக்கா.

"கழுவிட்டுத்தாம்மா பிடிச்சிருக்கேன். நீங்க தைங்க."

அவள் காலை மெஷினில் அழுத்தினாள். துணி மெல்ல வெயிலுக்குள் நகர்ந்தது.