அரூசுக்குச் சொல்லுங்கோ

படுக்கையறைக் கதவைப் பூட்டி, சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு விவேகானந்தன் திரும்பியபோது, வாசலில் அரூஸ் மாஸ்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மடவளையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு வர இந்த மனுஷனுக்கு இவ்வளவு நேரமா என்று நினைத்தார். வராமலே இருந்திருக்கலாம் என்றும் நினைத்தார்.

கூடத்தில் சத்தியபாமா சவப்பெட்டிக்குள் கிடந்தாள். பெட்டி எடுக்க இன்னும் நேரம் இருந்தது. அரூஸ் தலைமாட்டில் கைகட்டி நின்றார். கண் சிவந்திருந்தது. புருஷன் நானா, இவரா என்று விவேகானந்தனுக்கு வயிறு எரிந்தது.

அவளும் அரூசும் ஒரே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு எண் இருவரையும் விடாமல் பிடித்துக்கொண்டது. இருநூறு இலக்கங்களுக்கு மேல் நீளம். அது முதன்மை எண் இல்லை, சேர்த்தியெண். ஏதோ ஒன்று அதை மீதியில்லாமல் வகுக்கும் என்பது நிச்சயமாம். எது வகுக்கும் என்றுதான் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதாம். அதைத் தேடி இரண்டு வீட்டிலும் இரண்டு கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடின. பின்னேரமானால் ஃபோன். ஒரு எண்ணைப் பற்றிப் பேசி இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது?

தபால் கந்தோரில் காலமெல்லாம் கூட்டிக் கழித்தவர் விவேகானந்தன். ஒருமுறை இரகசியமாக உட்கார்ந்து அத்தனை இலக்கங்களையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "மூண்டால பிரியாது, பாமா" என்றார்.

"அது நாங்கள் முதல் நாளே பாத்திட்டம்" என்றாள்.

நாங்கள். அந்தச் சொல் அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

முந்தாநாள் காலை, கட்டிலில் சாய்ந்தபடி திரையைப் பார்த்தவள் அவர் கையைப் பிடித்தாள். "இஞ்சேருங்கோ, வந்திட்டுது. காரணி வந்திட்டுது. அரூசுக்குச் சொல்லுங்கோ."

பிறகு பேசவில்லை. மத்தியானம் போய்விட்டாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவனுக்குக் கடைசியில் கிடைத்தது தூது வேலை! அவர் சொல்லவில்லை. செத்த செய்தியைக்கூட வேறு ஆளைக் கொண்டுதான் அரூசுக்கு அறிவித்தார்.

அரூஸ் அவரருகே வந்தார். "சேர், மெஷின் ஓடுதா?"

"நிப்பாட்டிப் போட்டன்."

பூட்டிய கதவுக்குப் பின்னால் அது இரைந்துகொண்டுதான் இருந்தது. தேவாரச் சத்தத்தில் வெளியே கேட்கவில்லை.

"நல்லது சேர். நானும் நேத்தே நிப்பாட்டிட்டேன். இனிக் கண்டுபுடிச்சாலும் யாருக்கிட்ட செல்ற?"

விவேகானந்தன் இரண்டு நாளாக அந்தக் காரணியை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறார். வந்து போன சனத்தில் யாரிடம் சொல்லியிருக்க முடியும்? சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

அரூஸ் திரையின் முன் குனிந்து, இலக்கங்களை வாய்க்குள் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி வாசித்தார்.

"டீச்சர் கண்டாங்களா?"

"ஓம், கண்டவ. என்னட்டச் சொன்னவ."

"ஒங்களுக்கிட்டயா? மொதல்ல?"

அந்தக் குரலில் ஒரு சின்னப் புகைச்சல். விவேகானந்தன் பல வருடம் தின்று பழகிய சாமான் அது; வாசனையிலேயே பிடிபட்டுவிட்டது. அவள் சொன்ன மற்றதும் நாக்கு நுனி வரை வந்தது.

"ஓம். முதல்ல என்னட்டத்தான்" என்றார். மற்றதை விழுங்கிக்கொண்டார்.

அரூஸ் திரையின் கடைசி வரியைத் தொட்டார். "இதால வகுத்து வந்ததும் சேர்த்தியெண்தான், சேர். அத எது வகுக்கும்னு தெரியாது. இன்னும் தேடணும்."

"ஓடட்டும்."

அரூஸ் சத்தியபாமாவின் கதிரையை இழுத்தார். அவர் உட்காருவதற்குள் விவேகானந்தன் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"கூடத்தில கதிரை கிடக்கு. எடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.