துணை மேயர் தூக்கிய கை

டாஃப்னியின் தோளில் மேயருக்கான அந்தத் தங்கச் சங்கிலி அம்சமாக உட்கார்ந்திருந்தது. கிளெனிஸுக்கு அதுதான் பொறுக்கவில்லை. சங்கிலி ஒரு பக்கம் சரிந்து கோணலாகத் தொங்கினாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

இங்கிலாந்தில் தார்ன்மியர் பரோ கவுன்சில் என்கிற அந்தச் சின்ன நகர மன்றத்தில் மேயர் பதவி ஓட்டுக் கேட்டு வாங்குவதில்லை, வரிசைப்படி வருவது. யார் அதிக காலம் கவுன்சிலராக இருந்தாரோ, அவருக்கு ஒரு வருஷம். டாஃப்னியும் கிளெனிஸும் ஒரே கட்சி, ஒரே தேர்தலில் ஜெயித்தவர்கள். யாருக்கு முதல் முறை என்று சீட்டுக் குலுக்கியபோது டாஃப்னியின் பெயர் வந்து தொலைத்தது. ஆகவே டாஃப்னி மேயர், கிளெனிஸ் துணை மேயர். வருகிற மே மாதம் சங்கிலி கைமாற வேண்டும். குப்பைத்தொட்டி எடுக்கவில்லை என்று கத்தியவர்களையும், சாலைப் பள்ளம் மாவட்டத்தைப் பார்க்கிற கவுண்டி கவுன்சிலின் வேலை, எங்களுடையது அல்ல என்று சொன்னால் நம்பாதவர்களையும் பாதி ஆயுள் சமாளித்தவள் கிளெனிஸ். அதற்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு வருஷம்தான் அவளுக்குக் கூலி.

அந்த நேரம் பார்த்துத்தான் லண்டனில் இருப்பவர்களுக்கு ஞானோதயம் பிறந்தது. கவுண்டி என்று ஒன்று, அதற்குக் கீழே பரோக்கள் என்று சில, இது எதற்கு? எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒரே கவுன்சிலாக்கு. குப்பையும் பள்ளமும் இனி ஒரே இடத்தில். கலைப்பது உறுதி. எப்போது என்பதை மட்டும் நீங்களே சொல்லுங்கள்: வருகிற ஏப்ரலா, அதற்கடுத்த ஏப்ரலா? மற்ற பரோக்கள் சரிபாதியாகப் பிரிந்து கிடந்தன. தார்ன்மியர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே முடிவு என்று அமைச்சர் சொல்லிவிட்டார்.

வருகிற ஏப்ரல் என்றால் மே மாதத்துக்குள் கவுன்சிலே இருக்காது, கிளெனிஸ் ஒருநாளும் மேயராக மாட்டாள். அதற்கடுத்த ஏப்ரல் என்றால் முழு வருஷமும் அவளுடையது. கட்சியும் தள்ளிப்போடத்தான் சொன்னது. மேயராகி விழாக்களுக்குப் போட்டுக்கொண்டு போக, கிளெனிஸ் வெளியே காட்டிக்கொள்ளாமல் தொப்பிக் கடைகளில் ஏறி இறங்க ஆரம்பித்தாள்.

கமிட்டிக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது சக கவுன்சிலர் ட்ரெவர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தார். யாரைப் பற்றி எதைச் சொன்னாலும் தலையும் வாலும் இல்லாமல் சொல்கிற மனிதர்.

“தள்ளிப்போட்டா தேர்தலும் கெடையாதாமே. இருக்கறவங்க அப்படியே இருக்கணுமாம்.”

“அப்படியேன்னா?”

“அப்படியேன்னா அப்படியேதான். கவுன்சிலரும் அப்படியே, மேயரும் அப்படியே. டாஃப்னிக்கு அடிச்சது யோகம். ரெண்டு வருஷம்.”

கிளெனிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். தனக்கு ஒரு வருஷமே கிடைக்காதாம், டாஃப்னிக்கு இரண்டாமா.

நேரே போய் டாஃப்னியைக் கேட்டிருக்கலாம். கவுன்சில் எழுத்தர் பிரைஸிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் விதியைச் சொல்லியிருப்பார். கேட்டால் ஆசைப்படுவது தெரிந்துவிடுமே. ஆசைப்படுகிறாள் என்று ஊர் நினைப்பதைவிட ஆசையில் வெந்து சாவது மேல் என்று நினைக்கிற ரகம் அவள். அவளுடைய ஊரில் பாதிப் பேர் அந்த ரகம்தான்.

அதன் பிறகு டாஃப்னி எதைச் செய்தாலும் அது கிளெனிஸின் கண்ணில் குத்தியது. முதியோர் இல்லத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு முடிந்ததும், டாஃப்னி ஒரு கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வருஷமும் கண்டிப்பா வருவேன், எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க” என்றாள். பக்கத்தில் பூங்கொத்தைச் சுமந்துகொண்டு நின்ற கிளெனிஸுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

அன்று வீட்டில் உருளைக்கிழங்கை வெட்டுவதற்குப் பதிலாகக் கொத்தினாள்.

“அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார் கணவர் நார்மன்.

“அவளுக்கு ரெண்டு வருஷமாம்.”

“நெசமாவே ரெண்டு வருஷமான்னு போன் போட்டுக் கேளேன்.”

“நீ சும்மா இரு.”

அவர் சும்மா இருந்தார். கல்யாணத்திலிருந்து அவருக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

ஓட்டெடுப்பு அன்று மன்றம் நிரம்பியிருந்தது. மேடையில் மேயருக்குப் பக்கத்து நாற்காலி துணை மேயருக்கு. சிவப்பு அங்கி, சங்கிலி, வாயெல்லாம் பல்லாக டாஃப்னி. கிளெனிஸின் கழுத்தில் ரிப்பனில் கோத்த ஒரு சின்னப் பதக்கம். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவளுக்குக் கொடுத்தது மாதிரி இருந்தது.

“வருகிற ஏப்ரலுக்கு ஆதரவாக இருப்பவர்கள் கை தூக்கலாம்” என்று பிரைஸ் படித்தார்.

எதிர்க்கட்சி வரிசையில் கைகள் எழுந்தன. கிளெனிஸ் தன் மடியைப் பார்த்தாள். எனக்கில்லாத வருஷம் இவளுக்கும் வேண்டாம் என்ற ஒரே நினைப்புதான் அவளுக்குள் இருந்தது. கையைத் தூக்கினாள். மேடையிலிருந்து தூக்கியதால் மன்றத்தில் அதைப் பார்க்காதவர் எவரும் இல்லை.

பிரைஸ் எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். ஒரு கைதான் வித்தியாசம். தார்ன்மியர் பரோ கவுன்சில் வருகிற ஏப்ரலோடு சரி.

டாஃப்னி கூட்டத்தை ஒழுங்காகவே முடித்து வைத்தாள். மேயர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் முதுகைக் காட்டி நின்றாள். சங்கிலியின் கொக்கியைக் கழற்றுவது துணை மேயரின் வேலை.

“ஒனக்கு என்னடி வந்துச்சு?”

“எனக்குச் சரின்னு பட்டதுக்குப் போட்டேன்.” கொக்கி கிளெனிஸின் விரலில் சிக்கவில்லை. “நீ ரெண்டு வருஷம் ஒக்காரணும்னு நான் கை தூக்கணுமா?”

டாஃப்னி திரும்பினாள். “யாருடி சொன்னா அப்படி?”

“ட்ரெவர்.”

“ட்ரெவரா? அந்த ஆளுக்கு அவரு தொகுதியே எங்க முடியுதுன்னு தெரியாது. தேர்தல்தான் தள்ளிப்போகும். மேயர் வருஷா வருஷம் மாறியே ஆகணும். மே மாசத்தோட நான் எறங்கறேன்னு பிரைஸ்கிட்ட எப்பவோ சொல்லியாச்சு. இந்த அங்கி ஒனக்குக் கணுக்கால் வரைக்கும் கூட வராதுன்னு, துணி சேர்த்து நீட்டச் சொல்லி தையக்காரிகிட்டப் பேசி வச்சதே நான்தான்.”

கிளெனிஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“நீயா வந்து கேப்பன்னு இருந்தேன்.” டாஃப்னி தானே சங்கிலியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “ஒரே ஒரு தடவ, ஆசையா இருக்கு டாஃப்னின்னு ஒன் வாயால கேக்கணும்னு எனக்கு ஆசை. என்னோட கொழுப்புதான். ஆனா நீ இப்படித் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்குவன்னு நான் கண்டேனா?”

சொல்லிவிட்டு வெளியே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. நடைபாதையில் கட்சிக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்ட சத்தம் கேட்டது. பிரைஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

“அந்த அங்கியக்கூட கிளெனிஸுக்காகத் தைக்கச் சொல்லியிருந்தாங்களாமே,” என்றது ட்ரெவரின் குரல். “யாருக்கு வரும் இப்படி ஒரு மனசு?”

சங்கிலி எட்டுகிற தூரத்தில் கிடந்தது. கிளெனிஸ் அதைத் தொடவில்லை. தான் இழந்த வருஷத்தை நினைத்து அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வெளியே டாஃப்னியை மெச்சுகிற ஒவ்வொரு குரலையும் காது கொடுத்துக் கேட்டாள். நல்லவள் என்ற பெயரையும் அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாளே என்று வயிறு எரிந்தது.