சுவரில் விழும் வெளிச்சம்

1

இந்தக் கதை ஒரு வைப்பரில் தொடங்கியது. ரப்பர் கிழிந்துவிட்டது, வாங்கப் போனேன். கார் உதிரிபாகக் கடை. கவுண்டரில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அவர் கைக்கு ஒன்றாக இரண்டு பல்பு டப்பாக்களை வைத்துக்கொண்டு நின்றார். முகப்பு விளக்குக்கான பல்புகள். எதைப் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டார்.

மனைவி குறுக்கே புகுந்தார். "நீங்க பாக்கறதுக்கா, இல்ல உங்கள நாலு பேரு பாக்கறதுக்கா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வைப்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் எதை வாங்கினார்கள் என்று தெரியாது. அந்தச் சிரிக்காத முகம் மட்டும் கூடவே வந்தது. மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம் இது:

"மஞ்சள் என்பது வெளிச்சத்தின் முதுமை."

எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து ரசித்தேன். மறுநாள் பார்த்தால், வாக்கியம் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

இரண்டாவது: "அந்தி நேரத்தில் எல்லாக் கார்களும்"

அங்கேயே நின்றுவிட்டது. நிற்கட்டும்.

மூன்றாவது: "அவருக்குப் பல் செய்வது தொழில்." இதில் அழகு ஒன்றுமில்லை. ஆனால் ஆள் தெரிகிறார்.

3

அவருக்குப் பல் செய்வது தொழில். பல் மருத்துவர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவர் அதைப் பார்த்துப் பல் செய்து அனுப்புவார். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவருக்குத் தெரியும். அவர் செய்த பல்லைப் பக்கத்துப் பல்லிலிருந்து பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. இந்த வயதிலும் கண்ணாடி கிடையாது. ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் மனைவி அவரிடம்தான் நீட்டுவாள்.

மனைவி துணிக்கடையில் அளவு எடுப்பவள். கழுத்தில் நாடா, வாயில் குண்டூசி. வீட்டிலும் பாதி நேரம் நாடாவைக் கழற்ற மறந்துவிடுவாள்.

கார் பழையது. சில மாதங்களாக அவர் அதன் விளக்கைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

"இது லைட்டா? சிகரெட் குடிக்கிறவன் பல்லு மாதிரி இருக்கு."

"இத்தன வருஷம் அந்தப் பல்லோடதான போய் வந்தோம்?"

"அதான் சொல்றேன். போதும்."

நாளை விடியற்காலை ரயிலில் மகள் வருகிறாள், கைக்குழந்தையோடு. நிலையத்துக்கு ஏரிக்கரைச் சாலை வழியாகப் போக வேண்டும். தெருவிளக்கு கிடையாது. இந்த மாதங்களில் ஏரியிலிருந்து மூட்டம் எழுந்து சாலையை விழுங்கிவிடும். வாடகைக் காரில் வந்துவிடுகிறேன் என்றாள் மகள். அவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"என் பேத்தி முத முதல்ல வர்றா. வாடகை வண்டியிலயா வரணும்? தாத்தா வருவேன்."

(மனைவிக்கும் ஓட்டத் தெரியும். உரிமம் இருக்கிறது. அவள் ஓட்டினால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். ஒரு நாள் "நீங்களே ஓட்டுங்க, உங்க காலாவது வலிக்காம இருக்கும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். அதோடு சரி.)

4

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது.

முதல் பிரதியில் அவர் ஒரு மினுக்கு ஆசாமி. தலைக்குச் சாயம், சட்டைக்குக் கஞ்சி, காருக்கு வைர வெளிச்சம். படிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று ஒரு காட்சி வைத்தேன். கடைக்குள் நுழையும்போது ஓரமாக நிறுத்தியிருந்த சீட் கவர் ஸ்டாண்டில் இடித்துக்கொண்டு, அதைப் பார்த்து "சாரி சார்" என்கிறார். மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மூன்றாவது பிரதியில் அவள் சிரிக்கவில்லை. சிரிக்காதே என்று நான் சொல்லவில்லை.

திரும்பிப் போய் முந்தைய பக்கங்களைப் பார்த்தேன். அவர் தேநீர் டம்ளரை மேசை விளிம்புக்கு வெளியே வைத்திருந்தார். வாசல் கதவில் காரின் பக்கக் கண்ணாடியை உரசியிருந்தார். எல்லாம் நகைச்சுவைக்காக நானே எழுதியவை. அவற்றை அவள் தன் பாட்டுக்குக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டி என்ன கண்டாள்? கவனம் போதாது என்று கண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்குக் கவனம் போதாதுதான்.

அவருக்குத் தெரியுமா? தெரியுமென்றால் எடுப்பு, அழகு என்கிற பேச்செல்லாம் ஒரு திரை. தெரியாதென்றால் பல்புதான் மங்கிவிட்டது என்று மனதார நம்புகிறார். இரண்டும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் பேசும் வசனம் ஒன்றேதான்.

5

கடை. கடைக்காரர் எதற்கும் மறுப்புச் சொல்லாதவர்.

"வெள்ளையா பளிச்சுன்னு இருக்கணும்" என்றார் பல் செய்பவர்.

"வெள்ளைதாண்ணே இப்ப எல்லாரும் போடறாங்க. நம்ம கடையில இதுக்குப் பேரே வைரம்."

"மூட்டத்துல தெரியுமா?" என்றாள் மனைவி.

"மூட்டம்னா மஞ்சள்தாங்க்கா. இதுக்குப் பேரு தேன். வெள்ள வெளிச்சம் மூட்டத்துல பட்டு நம்ம மூஞ்சியிலயே அடிக்கும்."

"அப்ப வைரம் வேண்டாமா?"

"அப்படி யாரு சொன்னா? வைரம் வைரம்தான்."

"ஏம்ப்பா, நீ யாரு கட்சி?"

"நான் பல்பு கட்சிக்கா."

பல் செய்பவர் டப்பாவை முகத்தருகே கொண்டுபோய், எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்ததைத் தடங்கலில்லாமல் படித்தார். நீலப் பூச்சு, வெப்ப அளவு, தயாரித்த மாதம். கடைக்காரர் அசந்துபோனார்.

"கண்ணா அது! லென்ஸுண்ணே."

அவர் முகத்தில் ஒரு பெருமிதம். மனைவிக்கும்தான்.

"வாங்க, பின்னாடி ஷெட்ல வண்டிய விடுங்க. மாட்டிக் காட்டறேன். சுவத்துல பாத்து முடிவு பண்ணுங்க."*

* பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். கடைக்காரர் துணி சுற்றித்தான் பிடித்தார். அடுத்த பகுதியை நானும் அப்படித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

6

ஷெட்டின் ஷட்டரை இறக்கியதும் பகல் காணாமல் போனது. எதிரே வெள்ளையடித்த சுவர். எத்தனையோ கார்களின் வெளிச்சத்தை வாங்கி வாங்கி அது நீருக்கடியில் இருக்கும் சுவரைப் போல ஆகியிருந்தது. எஞ்சினை அணைக்கச் சொன்னார் கடைக்காரர். பல் செய்பவர் ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நீங்க அந்த இடது ஓரமாப் போய் நில்லுங்க. ரோட்டோரம் ஆள் நடந்தா தெரியுதான்னு பாப்போம்."

அவள் போய் நின்றாள்.

முதலில் தேன். சுவரில் மஞ்சள் மெல்லப் பரவியது. தூசிகள் எழுந்து, அவசரமே இல்லாமல் மிதந்தன. அவளுடைய நிழல் அவளைவிடப் பெரிதாகச் சுவரில் சாய்ந்து நின்றது. காருக்குள்ளிருந்து அவர் குரல்:

"எல்லாம் பழைய போட்டோ மாதிரி இருக்கு. அடுத்தது போடுப்பா."

வைரம். சுவர் பற்றிக்கொண்டது. அவள் கண்ணைச் சுருக்கினாள். இரண்டு வெள்ளைச் சூரியன்கள், அவற்றுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கார் இல்லை, அவர் இல்லை, குரல் மட்டும் இருந்தது.

"ஆகா! இதுதான் வெளிச்சம். சுவத்துல எறும்பு ஊர்ந்தாலும் தெரியும்." பிறகு, "சரி, அவ எங்க? வந்து நிக்கச் சொல்லு."

கடைக்காரர் சிரித்தார். "அண்ணனுக்குக் குறும்பு."

அவள் சிரிக்கவில்லை. முழு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தாள். புடவையின் ஒவ்வொரு நூலும் தெரிகிற வெளிச்சம். கனவில் கூப்பிட்டால் குரல் வராதே, அப்படி இருந்தது. ஆனால் குரல் வராமல் இல்லை. அவள்தான் எழுப்பவில்லை. அளவு எடுக்கும்போது அவள் பேசுவதில்லை. பேசினால் எதிரில் இருப்பவர் திரும்புவார், அளவு மாறிவிடும்.

கடைக்காரரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பிறகு சுவரை ஒட்டி, நடுவை நோக்கி, அரையடி நகர்ந்தாள்.

ஒன்றுமில்லை.

இன்னும் அரையடி. நின்றாள். இன்னும் அரையடி.

"எங்கப்பா அவ? வெளிய போயிட்டாளா?"

இன்னும் கொஞ்சம்.

"ஆங், வந்துட்டியா! எங்க போன?"

அவள் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். அங்கே சுவரில் பூச்சு பெயர்ந்திருந்தது. நாடாவுக்கு வேலையில்லை. அவர் கண்ணில் தான் இருக்கத் தொடங்குகிற இடம் இது. ஓரத்திலிருந்து இதுவரை, மூன்று ஆள் அகலம். ஒரு சைக்கிள் போகலாம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை போகலாம்.

இவ்வளவு நாளும் காரில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓரமா ஆள் வர்றாங்க", "ஏங்க, நாய்" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். தொணதொணக்காதே என்பார். வண்டியை ஒடித்துத் திருப்புவார்.

வந்த பக்கமாகவே ஓர் அடி திரும்ப எடுத்து வைத்தாள்.

"ஏய்!" என்றார் அவர்.

அவள் வெளியே நடந்து போகவில்லை. போயிருந்தால் அவருக்குக் காலடி கேட்டிருக்கும். நின்ற இடத்தில் அணைந்துபோனாள். கடைக்காரர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

கார்க் கதவு திறந்தது. அவர் இறங்கி வெளிச்சத்துக்குள் வந்தார். நேராகச் சுவரைப் பார்த்தபடி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் வந்து, சுவரில் கையை வைத்தார். வைத்த கையை இடது பக்கமாக நகர்த்திக்கொண்டே நடந்தார். பூச்சு பெயர்ந்த இடத்தைக் கடந்தது கை. அவளுடைய தோளில் முட்டியது.

"இங்கயா நின்ன?"

"இங்கதான் நின்னேன்."

"அப்பலேர்ந்தா?"

"அப்பலேர்ந்து."

அவர் கையை எடுக்கவில்லை. அவளும் விலகவில்லை. இரண்டு நிழல்களும் சுவரில் ஒன்றாகக் கிடந்தன.

(அவருக்கு முன்பே தெரியுமா என்ற கேள்வியை இங்கே மறுபடி கேட்டுப் பார்த்தேன். அவர் முகம் சுவரைப் பார்த்து இருந்தது. நான் நின்ற பக்கத்திலிருந்து தெரியவில்லை.)

7

இதற்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றும் அப்படியே கிடக்கின்றன.

ஒன்று. யாரும் எதுவும் சொல்வதில்லை. வைரத்தையே மாட்டிக்கொண்டு போகிறார்கள். விடியற்காலை அவர் ஓட்டுகிறார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாலையின் ஓரத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறாள். இந்த முறை அவர் தொணதொணக்காதே என்று சொல்லவில்லை. (நல்ல காட்சி. சுவரில் அழகாக விழுகிறது. ஆனால் திரும்பி வரும்போது பின் இருக்கையில் குழந்தை இருக்கிறது. அவள் தும்மினால்? ஒரு நொடி குழந்தையைத் திரும்பிப் பார்த்தால்? கிழிக்கவில்லை, ஆனால் என்னால் அதில் உட்கார்ந்து போக முடியாது.)

இரண்டு. அவள் கையை நீட்டி, "சாவியக் குடுங்க, நாளைக்கே டாக்டர்கிட்ட" என்று தொடங்கி ஒரு பக்கம் பேசுகிறாள். அத்தனையும் சரியான வார்த்தைகள். அவள் அப்படிப் பேசுபவளே அல்ல. அது என் குரல்.

மூன்று. மகள் வாடகைக் காரில் வந்துவிடுகிறாள். தாத்தா வாசலில் நிற்கிறார். பேத்தியை அவரிடம் நீட்டுகிறார்கள், ஓரத்திலிருந்து

இல்லை. இதை முடிக்க மனம் வரவில்லை.

8

ஆகவே, ஷெட்டில் விட்டது விட்டபடி இருக்கிறது. எஞ்சின் ஓடவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது. கொஞ்ச நேரமாகவே வைரம் லேசாகப் பழுக்கத் தொடங்கியிருக்கிறது. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறார்.

"அண்ணே, பேட்டரி எறங்கிடும். எத முடிக்கலாம்? வைரமா, தேனா?"

பல் செய்பவர் மனைவியின் பக்கம் திரும்புகிறார். முழுக்கத் திரும்புகிறார், தோளோடு. இப்போது அவருக்கு அவள் தெரிகிறாள்.

"நீயே சொல்லு" என்கிறார். "எதுல உனக்கு நல்லாத் தெரியும்?"

"எனக்கா?"

"உனக்குத்தான் கேக்கறேன்."

அவர் பல்பைப் பற்றித்தான் கேட்டாரா என்று நீங்கள் என்னைக் கேட்கக்கூடாது. அவளும் கேட்கவில்லை. காரைப் பார்க்கிறாள். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தே கிடக்கிறது. உள்ளே கூரையில் சின்ன விளக்கு. சாவி அதன் இடத்தில் தொங்குகிறது. இருக்கை அவருடைய கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியிருக்கிறது. அவள் உட்கார்ந்தால் பெடல் எட்டாது. எட்டுவதற்கு எவ்வளவு இழுக்க வேண்டும் என்று பார்த்த பார்வையிலேயே அவளுக்குத் தெரியும். இருக்கையை முன்னால் இழுக்கும் பிடி அடியில் எங்கோ இருக்கிறது. எத்தனையோ வருடமாக அவள் அதைத் தொட்டதில்லை.

ஏரியில் மூட்டம் எழத் தொடங்கியிருக்கும். மகள் இந்நேரம் ரயில் ஏறியிருப்பாள். ஷெட்டில் வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். என்னால் சுவரைத்தான் காட்ட முடிந்தது. கதவுக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள். குனிந்து, அந்தப் பிடி எந்தப் பக்கம் என்று மட்டும் அவளுக்கு